பின்சக்கர பிரேக்கும் நாற்பத்திரண்டு நிமிடமும்

நைனா,

மதியம் ஒன்று பத்துக்கு ஸ்டெல்லாவின் போனிலிருந்து வந்த செய்திதான் இதுவரை உறுதியாகத் தெரிந்ததில் கடைசி. கார் திண்டிவனத்துக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டு ஓரத்தில் ஒரு பட்டறையில் நிற்கிறது. பின்சக்கரங்கள் இரண்டையும் கழற்றியாகிவிட்டது. பாப்பா தயிர்சோறு சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்காரர் வீட்டுக் கட்டிலில் தூங்குகிறாள். செய்தியோடு ஒரு படமும் வந்தது. நான்கு பிரேக் பேடுகளைப் பழைய செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்து எடுத்த படம். இரண்டு பேடுகள் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. மற்ற இரண்டின் மேல் பாதிக்கு மேல் கருப்பாக, பளபளப்பாக ஒரு தடம். படத்தை நானும் பார்த்தேன், மெக்கானிக் பாஷாவும் பார்த்தான். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

"நாலரைக்கு நானே பண்றேன்மா, அதுவரைக்கும் நீ பண்ணாத" என்று நீ சொல்லியிருக்கிறாய். பண்ணவில்லை. எழுதுகிறேன். இன்று காலை போனில் நான் உங்கள் இருவரிடமும் சொன்ன ஒரு நேரம் தவறு. தெரிந்தே சொன்ன தவறு. நீ மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன் அது திருத்தப்பட வேண்டும். மாலைப் பத்திரிகையில் துறைமுகச் செய்தி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தவறுகளுக்கு ஐந்தாம் பக்கத்தின் கீழ் மூலையில் நான்கு வரி ஒதுக்குவார்கள். கப்பலின் பெயரை மாற்றிப் போட்டதற்கும் நான்கு வரிதான், இறந்தவரின் பெயரை மாற்றிப் போட்டதற்கும் நான்கு வரிதான். அதைப் படித்தவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் இந்தத் திருத்தத்தை நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் அனுப்பிய பிறகு, மாதம் ஒருமுறை நான் எழுதும் பத்திரிகைப் பக்கத்துக்கும் அனுப்பப் போகிறேன். நேற்று அந்தப் பேடுகளை மாட்டும் வேலையைத் தெருவே பார்க்கத்தான் செய்தேன். தவறியதையும் தெரு படிக்கட்டும்.

நேற்று நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். நீ சாமான் கட்டுவதில் இருந்தாய். திங்கட்கிழமை தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலையில் சேர வேண்டும். வீட்டைக் காலி செய்வதும் பாப்பாவின் பொம்மைகளை எண்ணுவதுமாக ஒரு வாரமாக நீ சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. புதன்கிழமை காரைப் பின்னால் எடுக்கும்போது பின்சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பேடு தேய்ந்து தகடு உரசும் சத்தம். ஸ்டெல்லா, "கடையில குடுத்துடலாமே அத்தை, அறுநூறு கிலோமீட்டர் போறோம்" என்றாள். நியாயமான பேச்சு. அவள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். ஒரு சொட்டு ரத்தம் கீழே சிந்தினால்கூட எழுதி வைக்கப் பழகியவள். அவள் சொன்ன விதத்தில் எந்தக் குத்தலும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. முன்சக்கர பேடுகளை இரண்டு முறை பாஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானே மாற்றியிருக்கிறேன். புது பேடும் வீட்டில் இருக்கிறது. "எதுக்கும்மா கடை, நான் மாத்திடறேன்" என்றேன். நீயும், "அம்மா பண்ணா கம்பெனில பண்ண மாதிரிதான் ஸ்டெல்லா" என்றாய். உன் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. நீ அப்படிச் சொல்லாமலிருந்திருந்தால் என்று இப்போது நினைக்கிறேன். அப்படி நினைப்பதும் பழியை உன் பக்கம் நகர்த்துகிற வேலைதான். அதனால் அதை விடுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை; பாஷா தொழுகைக்குப் போய்விட்டு உறவினர் வீட்டு நிக்காஹுக்கும் போவதாக இருந்தான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஓரத்திலிருக்கும் அவன் பட்டறைக்குக் காலையிலேயே போய், பின்சக்கர பிஸ்டனைத் திருகும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். "யக்கா, முன்னாடி மாதிரி இல்ல இது. கிளாம்ப் வச்சு அமுக்கின, ஹேண்ட் பிரேக் போயிடும். திருகிக்கினே உள்ள அனுப்பணும்" என்று மூன்று முறை சொன்னான். நம் காரில் ஹேண்ட் பிரேக்கின் கம்பி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பின்சக்கர கேலிப்பரோடு சேர்ந்திருக்கிறது. பேடைத் தள்ளும் அந்தப் பிஸ்டன் மரை போட்ட தண்டு மாதிரி சுற்றிச் சுற்றித்தான் உள்ளே போகும். அவன் சொன்னபடியே செய்தேன். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கருங்கல் வைத்தேன். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தினேன். ஜாக்கியில் தூக்கியதும் அதை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து இட்லிக்கடை மேரி குரல் கொடுத்தாள்.

"இன்னாக்கா, ரிட்டயர்டு ஆனதும் மெக்கானிக் ஆயிட்டியா? என் கிரைண்டரு கூட சத்தம் போடுது."

"எடுத்துனு வா, அதுக்கும் நாலு சக்கரம் மாட்டி வுடறேன்."

தெரு சிரித்தது. எனக்குப் பிடித்திருந்தது. கேலிப்பரைக் கழற்றி, அதன் எடை பிரேக் ஆயில் குழாயில் தொங்காதபடி கயிற்றால் கட்டினேன். அது நகர்ந்து ஓட வேண்டிய பின்களில் காசிமேட்டுக் கடற்காற்று ஏற்றியிருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் போட்டேன். பிஸ்டனைத் திருகும்போது முன்னால் பானெட்டுக்கு அடியிலிருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் ததும்புகிறதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். கஷ்டமான இடம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன் நைனா. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தவறு அந்த இடங்களில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். தவறு ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒரு வருடமாக உட்கார்ந்திருந்தது.

நம் தெருவில் இரும்பு என்று ஒன்று இருந்தால் சனிக்கிழமை அதற்கு எண்ணெய் துடைப்பார்கள். வேறு ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கடலிலிருந்து நானூறு அடியில் இருக்கிறோம். ஜன்னல் கம்பி, கேட் கீல், சைக்கிள் செயின், மோட்டார் கூண்டு எதையும் இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் கையில் செம்பொடியாக வரும். விசைப்படகு என்ஜின் பட்டறைகளிலிருந்து பழைய ஆயிலை பாட்டிலில் வாங்கி வந்து, துணியில் நனைத்து, வீடு வீடாகத் துடைத்துக்கொண்டிருப்போம். உனக்கு ஜன்னல் பங்கு, உன் அப்பாவுக்கு கேட், எனக்கு ஸ்கூட்டர். அந்தக் கை, எந்த இரும்பைப் பார்த்தாலும் எண்ணெய்த் துணியைத் தேடும் கை. போன வருடம் பாஷா, "பின்னாடி இன்னும் ஒரு வருசம் வரும்" என்றபோது, ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் பேடுகளை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்தேன். மழைக்காலம் முடிந்து அட்டைப்பெட்டியைத் திறந்தால், பேடின் முதுகுத் தகட்டு ஓரத்தில் துரு. யோசிக்கவே இல்லை. நான்கையும் எண்ணெய்த் துணியில் இறுக்கிச் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். பிடிக்க வேண்டிய பொருளை வழுக்கும் பொருளில் சுற்றி வைக்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. பேடின் முகம் இரும்பில்லை, நுண்ணிய துளைகள் உள்ள பொருள், குடிக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நேற்று டப்பாவைத் திறந்து பேடுகளைத் துடைத்தபோது கையில் பிசுக்கு ஒட்டவில்லை. ஆனால் அடியில் கிடந்த இரண்டில் கருமையாக ஒரு நிழல் இருந்தது. பார்த்தேன். ஸ்டெல்லா டீ டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள்.

"அது என்ன கறை அத்தை?"

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்மா."

எனக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரிந்த குரலில் சொன்னேன். பாஷா நிக்காஹ் பந்தலில் இருந்தாலும் ஒரு படம் அனுப்பிக் கேட்டிருக்கலாம்; இரண்டு நிமிட வேலை. ஸ்டெல்லா முன்னால் நின்று இன்னொருவனிடம் கேட்பதா என்றிருந்தது. அவ்வளவுதான். மாட்டி முடித்து, பெடலைப் பத்துப் பன்னிரண்டு முறை மிதித்து அது கெட்டியானதும், தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே நின்றது. சூடேறாத பிரேக் தெருமுனையில் பிடிக்கும். அதை வைத்து அறுநூறு கிலோமீட்டருக்குச் சான்று கொடுத்தேன்.

இன்று காலை ஆறு பத்துக்கு நீங்கள் கிளம்பினீர்கள். பாப்பா பின்கண்ணாடியில் கையை ஒட்டவைத்துக்கொண்டே போனாள். ஏழு முப்பத்திரண்டுக்கு முதல் சுங்கச்சாவடியைத் தாண்டிய குறுஞ்செய்தி என் போனுக்கு வந்தது. கார் கண்ணாடியில் ஒட்டும் அந்தச் சுங்கக் கட்டண ஸ்டிக்கரை வாங்கும்போது என் எண்ணைத்தானே கொடுத்தோம். சரி, செங்கல்பட்டை நெருங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணிக்குச் சற்றுப் பின்னால் பாஷா தன் கருவியை வாங்க வந்தான். அது டப்பாவின் பக்கத்தில் இருந்தது. டப்பாவைத் தூக்கி முகர்ந்து பார்த்தான்.

"இன்னாக்கா இது?"

"பேடு வச்சிருந்த டப்பா."

"எண்ணெத் துணி கீதே உள்ள?"

"துரு புடிக்காம இருக்கச் சுத்தி வச்சிருந்தேன்டா."

"எத்தினி நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்."

அவன் சிரித்துவிட்டான். "யக்கா, பிரேக் பேடு இன்னா மாங்கா ஊறுகாவா, எண்ணெயில ஊறப்போட?" என்றவன், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "அதையா மாட்டின?"

"அதைத்தான்."

"மேல காஞ்ச மாதிரி இருக்கும்க்கா. சூடு ஏறிச்சின்னா உள்ள குடிச்சத கக்கும். பின்னாடிதான், முன் பிரேக் நிறுத்திடும், இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு பக்கம் புடிச்சு ஒரு பக்கம் வுட்டுச்சின்னா வண்டி திரும்பும். கொயந்த போயிருக்கா?"

"போயிருக்கா."

"போன் போடு மொதல்ல."

"ஓட்டிக்கினு இருப்பான்டா."

"மருமவ போனுக்குப் போடுக்கா. வாய்ல இன்னா வச்சிக்கினு கீற?"

"போடறேன், நீ போ. கேட் மூடிடப் போறான்" என்றேன். அவன் நம்பிப் போனான். சுவர்க்கடிகாரத்தில் எட்டு பத்து. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வது என் பழைய வழக்கம். அதனால் இந்த நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் உங்களை அழைத்தது எட்டு ஐம்பத்திரண்டுக்கு. நடுவில் நாற்பத்திரண்டு நிமிடம். அதில் நான் என்ன செய்தேன் என்பதை நீ கேட்கவில்லை, ஸ்டெல்லாவும் கேட்கவில்லை, உங்களுக்கு அது இருப்பதே தெரியாது. முதலில் துணியை வெளிச்சத்தில் பிடித்து, எந்தப் பக்கம் அதிகம் நனைந்திருக்கிறது என்று பார்த்தேன். பிறகு காரோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் பக்கம் புரட்டினேன். அதில் எண்ணெயைப் பற்றி ஒரு வரி இருந்தது, படக்கூடாது என்று. பிறகு திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த இன்னொரு மெக்கானிக்குக்குப் போன் போட்டு, பெயர் சொல்லாமல், யாருக்கோ நடந்தது மாதிரிக் கேட்டேன். அவரும் பாஷா சொன்னதையே சொன்னார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் உறுதி செய்யாமல் செய்தி கொடுக்கக்கூடாது என்பது என் தொழில் ஒழுக்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தீப்பிடித்த கிடங்குக்குள் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் யாரும் இரண்டாவது ஆளிடம் உறுதி செய்துகொண்டு கத்துவதில்லை. என் கண்ணில் நின்றதெல்லாம் டீ டம்ளரோடு வாசலில் நின்ற ஸ்டெல்லாவின் முகம். அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன், இப்போது அவளிடமே போன் போட்டுச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தீர்கள்.

எட்டு முப்பத்தொன்றுக்கு இரண்டாவது சுங்கச்சாவடியின் குறுஞ்செய்தி வந்தது. பார்த்ததும் நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தாண்டிவிட்டார்கள், அப்படியென்றால் பிரேக் பிடிக்கிறது, பாஷா மிகைப்படுத்துகிறான் என்று பட்டது. "எங்கே இருக்கீங்க" என்று தட்டச்சு செய்து அழித்தேன். எட்டு ஐம்பதுக்கு பாஷா அழைத்தான். "இன்னாக்கா சொன்னான்? எங்க நிறுத்திக்கிறான்?" "அது வந்துடா..." என்று இழுத்தேன். "யக்கா... இன்னும் போடலையா நீ?" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் உங்களை அழைத்தேன். தானாக எழுந்து செய்ததில்லை. பாஷா மறுபடியும் கேட்காமலிருந்திருந்தால் ஒன்பதாகியிருக்கும், ஒன்பதே காலாகியிருக்கும். எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெல்லா எடுத்ததும் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "நானே உங்களுக்குப் பண்ணலாம்னு இருந்தேன் அத்தை. ரெண்டாவது டோல்கேட்ல வண்டி இடது பக்கமா இழுத்துடுச்சு. முன்னாடி ட்ரெய்லரு. ஒரு சாண் கேப்ல நின்னுச்சு. பாப்பா தண்ணி பாட்டிலு பறந்துபோய் கண்ணாடில அடிச்சுது." பின்னால் உன் குரல்: "ஒண்ணும் இல்லம்மா, கருகுற வாசனை வந்துச்சு, முன்னாடி வண்டிலேந்துன்னு நெனச்சேன்." இரண்டாவது சுங்கச்சாவடி. எட்டு முப்பத்தொன்று. எனக்கு நிம்மதி கொடுத்த அதே குறுஞ்செய்தி. எட்டு பத்துக்கு நான் அழைத்திருந்தால் நீங்கள் அந்த வரிசைக்கே போயிருக்க மாட்டீர்கள். நான் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். நீ வண்டியை ஓரம் கட்டுவது கேட்டது. பிறகு ஸ்டெல்லா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சது அத்தை?"

"இப்பதாம்மா. பாஷா இப்பதான் வந்து பாத்தான்."

உடனே நீ சொன்னாய்: "சரி விடு ஸ்டெல்லா. அம்மா தெரிஞ்சவுடனே பண்ணிட்டாங்கல்ல."

அதைக் கேட்டபோதுதான் உண்மையில் பயந்தேன் நைனா. ட்ரெய்லரைப் பற்றிக் கேட்டபோதுகூட அப்படிப் பயப்படவில்லை, அது முடிந்துபோனது. இது ஆரம்பித்துவிட்டது. நீ எனக்காகச் சாட்சி சொன்னாய். நீ இப்படிச் சொல்வது இரண்டாவது தடவை.

முதல் தடவை உனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை. எண்ணூரில் மீனவர்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள், ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததற்காக. வீட்டில் விட ஆளில்லாமல் உன்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போனேன். பிரேக் கம்பி தளர்ந்திருந்தது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். ஒரு நட்டைத் திருக வேண்டிய வேலை. ஒவ்வொரு காலையிலும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். திரும்பி வரும்போது எர்ணாவூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒன்று நகர்ந்து வழி அடைக்க, நான் பிரேக்கை அழுத்தினேன், அது பிடிக்கவில்லை. மணலில் சாய்த்துவிட்டேன். உன் முழங்கை தோலுரிந்தது. உன் அப்பா கிரேன் ஓட்டுபவர். கம்பியைப் பார்க்காமல் ஒரு நாளும் கூண்டில் ஏறாதவர். சாயங்காலம் உன் கையைப் பார்த்துவிட்டு, "பிரேக் சரியா கீதா அந்த வண்டில?" என்றுதான் கேட்டார். நான், "நாய் குறுக்க வந்துடுச்சு" என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். "ஆமாப்பா, கறுப்பு நாய்" என்றாய். நிறத்தை நீயே சேர்த்தாய். அதற்கு அடுத்த நாள் உனக்கு நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அது பரிசு என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசி வரை அவருக்கு அது நாய்தான்.

அன்று உனக்குத் தெரிந்தே நீ என் பக்கம் நின்றாய். இன்று தெரியாமல் நின்றாய், அதுவும் உன் மனைவிக்கு எதிரில். அவளிடம் நாளைக்கோ அடுத்த மாதமோ பாஷா பேச்சுவாக்கில், "எட்டு மணிக்கே சொன்னேனே" என்று சொன்னால், பொய் சொன்னது இரண்டு பேராகிவிடும். உன்னை அந்த இடத்தில் நிறுத்தி வைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் திருத்தம் இதுதான்: எனக்குத் தெரிந்தது எட்டு பத்துக்கு. ஸ்டெல்லா, உனக்கும் இதைச் சொல்கிறேன். நேற்று நீ கேட்ட கறை எண்ணெய்க் கறை. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்பதே சரியான பதிலாக இருந்திருக்கும்.

இனி நான் சொல்வதை நீ எந்த மரியாதையோடு எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பட்டறைக்காரர் எண்ணெய் பட்ட இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்பார். நான்கையும் மாற்றச் சொல். பழைய பேடுகளை அடுப்பில் வாட்டினால் எண்ணெய் போய்விடும், உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும் பிரேக் துடைக்கும் திரவத்தால் சுத்தம் செய்யட்டும். துணியைத் தேய்த்துப் பார், கருப்பு வராத வரை. பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்புகிறாரா என்று பக்கத்தில் நின்று பார். பார்ப்பது அவமரியாதை என்று நினைக்காதே, கோபித்துக்கொண்டாலும் பார். முடித்ததும், வண்டியை ஓர் அடி நகர்த்துவதற்கு முன் பெடலை மிதித்துக்கொண்டே இரு, அது கெட்டியாகும் வரை. முதல் மிதி சும்மா தரைக்குப் போகும். பிறகு ஸ்டெல்லாவையும் பாப்பாவையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு, நீ மட்டும் சர்வீஸ் ரோட்டில் மெதுவாகப் போய்ப் பத்துப் பதினைந்து தடவை பிடித்துப் பார். புது பேடு கொஞ்சம் வாசனை வரும், அது பரவாயில்லை. ஒரு பக்கம் இழுத்தால் திரும்பிப் போ. இறங்கி, சக்கரத்தைத் தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார். ஒன்று கொதித்து ஒன்று ஆறியிருந்தால் அதுவும் சரியில்லை. இருட்டிவிட்டால் அங்கேயே தங்கிவிடுங்கள். திங்கட்கிழமைக்கு நாளை ஒரு நாள் முழுதாக இருக்கிறது.

வண்டியைப் பற்றி இவ்வளவுதான். மற்றதைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வருகிறது. உன் மகள் ஒரு நாள் உன்னைப் பார்த்து, நீ சொன்ன எதையோ அப்படியே திருப்பிச் சொல்வாள், உன்னைக் காப்பாற்ற. அது உனக்கு இனிப்பாக இருக்கும். எனக்கு இருந்தது. அங்கேயே அவளை நிறுத்தி, இல்லைம்மா, நடந்தது இப்படி என்று சொல். நான் சொல்லவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உன் அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார், இரண்டு வார்த்தை போதும். ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துபோனேன்.

இப்போது மூன்று இருபது. பாஷா வாசலில் உட்கார்ந்திருக்கிறான். பட்டறையை அடைத்துவிட்டு வந்திருக்கிறான். போகச் சொன்னாலும் போகவில்லை. "எய்தி முடிச்சிட்டியாக்கா? அனுப்பிடு. படிச்சிட்டுத் திட்டுனா திட்டட்டும், கம்முனு இருந்தாதான் பேஜாரு" என்கிறான். பட்டறைக்காரர் சொல்லியனுப்பிய புது பேடுகள் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணிக்கு வரும் என்று ஸ்டெல்லாவின் செய்தியில் இருந்தது. வந்துவிட்டனவா என்று தெரியவில்லை. டிஸ்க்கைச் சுத்தம் செய்தால் போதுமா, மாற்ற வேண்டுமா என்பதைப் பட்டறைக்காரர் இன்னும் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்த பிறகு நாலரைக்கு நீ அழைப்பதாக இருக்கிறது. அடுத்த மாத முதல் வாரத்தில் ஸ்டெல்லா தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்கிறாள்; அன்றிலிருந்து பாப்பாவைப் பகல் முழுக்க நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு, எனக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அந்த டிக்கெட்டை வைத்திருப்பதா, ரத்து செய்வதா என்பதை ஸ்டெல்லாதான் சொல்ல வேண்டும். நீ சொல்லக்கூடாது. இந்தக் கடிதத்தை அவள் போனுக்கு முதலில் அனுப்புகிறேன், உன் போனுக்கு அதன் பிறகு. அவள் பதிலை இன்றைக்கே எதிர்பார்க்கவில்லை. ரத்து செய்ய டிக்கெட் தேதிக்கு முந்தைய நாள் வரை நேரம் இருக்கிறது.

அம்மா